இருட்டுல பஸ் ஏறுனவங்களுக்காக ஒட்டுன போஸ்டர்கள் (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல லண்டன் ட்யூப் ரயில் மேப் பத்தின ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது, ரெண்டாம் உலகப்போர் நேரத்துல அந்த ஊர் பஸ்லயும் ரயில்லயும் ஒட்டுன எச்சரிக்கை போஸ்டர்களை பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு இவ்வளவு லெட்டர் வரும்னு நான் நினைக்கல. அதனால இந்த தடவை பகுதி முழுக்க அதுக்கே, மத்த கேள்வி கேட்டவங்க ஒரு இதழ் பொறுத்துக்கோங்க.

*

கேள்வி (வாசகி, திருச்சி): சார், 2025 மே 7-ம் தேதி நாடு முழுக்க மாக் ட்ரில் நடந்தப்போ, வடக்க சில ஊர்ல லைட்டை எல்லாம் அணைச்சத டிவில காட்டினாங்க. கால் மணி நேரம் அணைச்சதுக்கே நம்மளுக்கு திக்குன்னு இருந்துச்சு. லண்டன்ல வருஷக்கணக்கா இருட்டுலயே பஸ் ஏறி எறங்கி எப்படித்தான் சமாளிச்சாங்க? அந்த போஸ்டர்ல அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?

பதில்: முதல்ல அந்த இருட்டு எப்படிப்பட்டதுன்னு சொல்லிடறேன் மேடம், அது தெரிஞ்சாத்தான் போஸ்டர் புரியும். பிரிட்டன் போரை அறிவிச்சது 1939 செப்டம்பர் 3, ஆனா பிளாக்அவுட், அதாவது எதிரி விமானத்துக்கு ஊர் தெரியக்கூடாதுன்னு வெளிச்சத்த எல்லாம் மறைக்கிறது, ரெண்டு நாள் முன்னாடியே, செப்டம்பர் 1-ம் தேதி ராத்திரியே ஆரம்பிச்சிடுச்சு. தெருவிளக்கு கிடையாது, வீட்டு ஜன்னல்ல கறுப்புத் துணி, கார் ஹெட்லைட்டுக்கு மூடி போட்டு அதுல சின்ன கீறல் மாதிரி வழி விட்டு வெளிச்சம் கீழ மட்டும் விழற மாதிரி பண்ணியிருந்தாங்க, பஸ்ஸுக்குள்ள இருந்த பல்பும் மங்கல்தான், கண்டக்டர் வாங்கின காசு ஒரு பென்னியா அரை பென்னியான்னு விரலால தடவித்தான் பார்க்கணும். ரோட்டோர கல்லு, மரம், விளக்குக் கம்பம், பஸ்ஸோட மட்கார்டு எல்லாத்துக்கும் வெள்ளை பெயிண்ட் அடிச்சாங்க, இருட்டுல ஏதாவது ஒன்னு கண்ணுல படட்டும்னு.

அப்படியும் ஜனங்க செத்தாங்க. குண்டு விழுந்து இல்ல, வண்டில அடிபட்டு. முதல் சில மாசம் லண்டன்ல பெருசா குண்டே விழல, ஆனா ரோட்டுல சாவு மளமளன்னு ஏறிடுச்சு. 1940 பிப்ரவரில ராத்திரிக்கு மட்டும் மணிக்கு 20 மைல்னு வேக வரம்பு கொண்டு வந்தாங்க. 1941-ல பிரிட்டன் ரோட்டுல செத்தவங்க 9,000-க்கும் மேல. இன்னைக்கு வரைக்கும் அந்த நாட்டுல ஒரே வருஷத்துல ரோட்டுல அவ்வளவு பேர் போனது கிடையாது, இத்தனைக்கும் அப்போ இருந்த வண்டி எவ்வளவு கம்மின்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ போஸ்டருக்கு வரேன். அந்த ஊர் பஸ்ஸையும் ட்யூப் ரயிலையும் ஓட்டுன லண்டன் டிரான்ஸ்போர்ட் ஒட்டுனதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, ஸ்டேஷன் வெளிச்சத்துல இருந்து வெளிய வரும்போது கொஞ்சம் நில்லுங்க, கண்ணு இருட்டுக்கு பழகட்டும், அப்புறம் நடங்கன்னு சொன்ன போஸ்டர். அவ்வளவுதான் விஷயம். ஆனா இது சும்மா சொன்ன பேச்சு இல்ல. வெளிச்சத்துல இருந்து இருட்டுக்குப் போனா கண்ணு முழுசா பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஆனா முதல் சில நிமிஷத்துலயே நிறைய வித்தியாசம் தெரியும். நம்ம வீட்டுல கரண்ட் போனா முதல்ல ஒன்னுமே தெரியாது, கொஞ்ச நேரம் அப்படியே நின்னா பீரோ, கட்டில் எல்லாம் நிழலா தெரிய ஆரம்பிக்கும்ல, அதேதான். அந்த கொஞ்ச நேரத்த பொறுக்காம விறுவிறுன்னு ரோட்டுல கால வெச்சவங்கதான் அடிபட்டாங்க.

பஸ்ஸ கை காட்டி நிறுத்தறதுக்கும் போஸ்டர் இருந்துச்சு. டார்ச்ச டிரைவர் மூஞ்சில அடிக்காதீங்க, அவருக்கு கண்ணு கூசிடும், உங்க கையில வெளிச்சம் படற மாதிரி பிடிங்கன்னு. வெளிய போகும்போது வெள்ளையா ஏதாவது போட்டுக்கோங்க, இல்லன்னா கையில வெள்ளையா ஒன்ன பிடிச்சுக்கோங்கன்னு.

இன்னொன்னு இருக்கு, அத படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. ரயில்ல இருந்து இறங்கறதுக்கு முன்னாடி வண்டி ஸ்டேஷன்லதான் நிக்குதா, நீங்க இறங்கற பக்கம் பிளாட்ஃபாரம்தான் இருக்கான்னு பார்த்துட்டு இறங்குங்கன்னு சொன்ன போஸ்டர். ஏன் சிலிர்த்துச்சுன்னா, பல வருஷம் முன்னாடி ஒரு பாசஞ்சர் வண்டில ராத்திரி ரெண்டு மணிக்கு, ஊர் பேர் வேணாம், நான் கடைசிப் பெட்டில இருந்தேன். வண்டி நின்னுச்சு, எல்லாரும் தூக்கத்துல, வெளிய ஒரு லைட்டு இல்ல, நம்ம ஸ்டேஷன் வந்துடுச்சுன்னு பைய தோள்ல மாட்டிக்கிட்டு கால வெளிய வெச்சேன், கால் கீழ போய்க்கிட்டே இருக்கு, தரையே வரல. கம்பிய பிடிச்ச கை மட்டும் விடல, அதனால இன்னைக்கு இத எழுதிட்டு இருக்கேன். வண்டி நீளம், பிளாட்ஃபாரம் சின்னது, எங்க பெட்டி வெளியவே நின்னிருக்கு, கீழ ஜல்லிக்கல்லு, அதுக்கு அந்தப் பக்கம் பள்ளம். அந்த பெட்டி கதவுல, இறங்கறதுக்கு முன்னாடி கீழ பாருங்கன்னு ஒரே ஒரு வரி இருந்திருக்கலாம்னு எனக்கு இப்பவும் தோணும்.

*

கேள்வி (வாசகர், மதுரை): பஸ் ஜன்னல்ல வலை ஒட்டியிருந்தாங்கன்னு போன தடவை எழுதியிருந்தீங்க. கொசுவலையா? அத ஜனங்க கிழிச்சாங்கன்னு வேற சொன்னீங்க, எதுக்கு?

பதில்: கொசுவலை இல்லைங்க, கண்ணாடில பசை போட்டு அப்பியிருந்த துணி வலை. பக்கத்துல எங்கயாவது குண்டு விழுந்தா அந்த அதிர்ச்சில ஜன்னல் கண்ணாடி நொறுங்கி துண்டு துண்டா கத்தி மாதிரி பறக்கும். நேரா குண்டு படாதவங்களுக்கு கூட அந்த கண்ணாடியால கண்ணு போயிருக்கு, கழுத்து அறுபட்டிருக்கு. வலை ஒட்டியிருந்தா கண்ணாடி உடைஞ்சாலும் துண்டு அதுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். ரொம்ப நல்ல யோசனை.

ஆனா உள்ள உக்காந்திருக்கவனுக்கு வெளிய ஒன்னும் தெரியாது. எந்த ஸ்டாப்புன்னு எப்படி கண்டுபிடிக்கறது? நடுவுல சின்னதா டைமண்ட் வடிவத்துல ஒரு ஓட்டை விட்டிருந்தாங்க, அந்த ஓட்டைக்கு நேரா கண்ண வெச்சுத்தான் பார்க்கணும், அதுவும் மழைக்காலத்துல உள்ள மூச்சுக்காத்துல கண்ணாடி வேர்த்துப் போயிருக்கும். அதனால ஜனங்க நகத்தால வலையோட ஓரத்த பிச்சு பிச்சு கொஞ்சம் கொஞ்சமா உரிச்சாங்க.

இத நிறுத்தறதுக்கு லண்டன் டிரான்ஸ்போர்ட் ஒரு கார்ட்டூன் ஆள இறக்குச்சு, பேரு பில்லி பிரவுன். 1940-ல டேவிட் லாங்டன்ங்கற கார்ட்டூனிஸ்ட் வரைஞ்சது. கோட்டு, கோடு போட்ட பேன்ட், தலையில உருண்டைத் தொப்பி, ரெண்டு வரி எதுகை மோனைல பேசுவாரு. நம்ம பஸ்ல ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’, ‘படியில் பயணம் நொடியில் மரணம்’னு இருக்குல்ல, அந்த மாதிரி மனசுல ஒட்டிக்கற பாட்டு. வலைய உரிக்கிற ஆளப் பார்த்து, உங்கள திருத்தறதுக்கு மன்னிக்கணும், அந்த வலை உங்க பாதுகாப்புக்குத்தான் இருக்குங்கற அர்த்தத்துல ஒரு ரெண்டு வரி. இதுக்கு யாரோ ஒரு பயணி போஸ்டர்லயே அதே சந்தத்துல பதில் எழுதிட்டாரு: தகவலுக்கு நன்றி, ஆனா பாழாப்போன ஸ்டேஷன் எனக்கு தெரியலையேன்னு. அந்த பதில் ஊரெல்லாம் பரவி, இன்னைக்கு வரைக்கும் பில்லி பிரவுன் பேர் வர்ற இடத்துல எல்லாம் இதுவும் கூடவே வருது.

என்னோட கருத்த கேட்டா அந்த பயணி சொன்னதுல நியாயம் இருக்கு. பில்லி பிரவுன் நல்லதுதான் சொன்னாரு, ஆனா எப்பவும் தான் மட்டும் ஒழுங்கு, மத்தவன் எல்லாம் தப்புங்கற தோரணை, நம்ம பாஷைல சொன்னா அதிகப்பிரசங்கி. அந்த காலத்துலயே நிறைய பேருக்கு அவர பார்த்தா எரிச்சல் வந்துச்சு. வேலை முடிஞ்சு, ராத்திரி தூக்கம் கெட்டு, வீடு இருக்கா இல்லையான்னு கூட தெரியாம பஸ்ல உக்காந்திருக்க ஒரு பொம்பளைகிட்ட உருண்டைத் தொப்பி போட்ட ஒருத்தர் வந்து ஒழுக்கம் சொன்னா எப்படி இருக்கும்? அந்த ஜன்னல்ல பயணிக்கு ஒரு நெசமான கஷ்டம் இருந்துச்சு, ஸ்டாப்பு தெரியல. அதுக்கு வழி சொல்லாம உரிக்காதேன்னு மட்டும் சொன்னா கை தானா அந்த ஓரத்துக்குத்தான் போகும்.

*

கேள்வி (டிசைன் படிக்கும் மாணவி, கோவை): அண்ணா, அந்த காலத்து போஸ்டர்ல நீங்க பெஸ்ட்னு சொல்றது எது? எங்க புராஜெக்டுக்கு வேணும்.

பதில்: ஃபுகாஸ் வரைஞ்சதுதான்மா. அவரோட சொந்தப் பேரு சிரில் கென்னத் பேர்ட். முதல் உலகப்போர்ல துருக்கியில இருக்கிற கல்லிப்போலில பலமா அடிபட்டவரு. 1940-ல வாய விட்டா உயிர் போகும்ங்கற கருத்துல எட்டு போஸ்டர் வரைஞ்சு கொடுத்தாரு, அதுக்கு காசு வாங்கல. அதுல ஒன்னு, ரெண்டு பொம்பளைங்க சீட்ல உக்காந்து மும்முரமா பேசிக்கிட்டு வராங்க, பின்னாடி சீட்ல ஹிட்லரும் அவரோட விமானப்படைத் தலைவர் கோரிங்கும் காத தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. சுத்தி சிவப்பு பார்டர், நிறைய வெள்ளை இடம், நாலஞ்சு கோடுல முடிஞ்ச மூஞ்சி.

இதுல நீ கவனிக்க வேண்டியது, படத்துல அந்த ரெண்டு பேர யாரும் திட்டல. அவங்க நம்ம பக்கத்து வீட்டு அக்காங்க மாதிரிதான் இருக்காங்க, பார்க்கிறவங்களுக்கு சிரிப்பு வருது, சிரிச்சு முடிக்கறதுக்குள்ள தன் பின்னாடி சீட்ட ஒரு தடவ திரும்பிப் பார்க்கத் தோணுது. பஸ்ல உக்காந்துக்கிட்டே பஸ் படத்த பார்க்கிற ஆளுக்கு அது அங்கயே, அந்த நிமிஷமே வேலை செய்யுது. பில்லி பிரவுனையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு புராஜெக்ட் பண்ணு, எழுத உனக்கு நிறைய கிடைக்கும்.

எழுத்துருவையும் பாரு. எட்வர்ட் ஜான்ஸ்டன் 1916-ல இந்த ரயிலுக்குன்னே வரைஞ்ச எழுத்து, அத கொண்டு வந்தது ஃபிராங்க் பிக்னு ஒரு நிர்வாகி. 1908-ல இருந்தே ட்யூப் ஸ்டேஷன் சுவத்த ஓவியர்களுக்கு திறந்து விட்டவரு அவருதான். போர் வந்தப்போ ஸ்டேஷன் சுவத்துல போஸ்டர பார்த்து நிக்கிற பழக்கம் லண்டன் ஜனங்களுக்கு ஏற்கனவே முப்பது வருஷமா இருந்துச்சு, அது இல்லாம இந்த எச்சரிக்கை எதுவும் எடுபட்டிருக்காதுன்னு நான் நினைக்கிறேன். லண்டன்ல கோவென்ட் கார்டன்ல இருக்கிற டிரான்ஸ்போர்ட் மியூசியத்தோட வெப்சைட்ல இந்த போஸ்டர் எல்லாம் பெருசு பண்ணி பார்க்கலாம், ஒரு சாயங்காலம் ஒதுக்கிக்கோ.

*

கேள்வி (வாசகர், சேலம்): ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’, அதாவது பதட்டப்படாம வேலைய பாருன்னு கிரீடம் போட்டு சிவப்பு கலர்ல ஒரு வாசகம், எங்க ஆஃபீஸ்ல பாதி பேர் டீ கப்ல அதுதான். அதுவும் இந்த மாதிரி ரயில்ல ஒட்டுனதா?

பதில்: இல்லைங்க, அத அந்த காலத்து ஜனங்க பெரும்பாலும் பார்க்கவே இல்ல. 1939-ல கிட்டத்தட்ட 25 லட்சம் காப்பி அச்சடிச்சாங்க, பெரிய குண்டுவீச்சு வந்தா ஒட்டலாம்னு வெச்சிருந்தாங்க, ஆனா ஒட்டல, பெரும்பாலும் காகிதக் கூழாப் போச்சு. 2000-ல ஆல்ன்விக்ங்கற ஊர்ல ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் வாங்கின பெட்டில அடியில ஒரு காப்பி கிடைச்சுது, அதுல இருந்துதான் உங்க டீ கப் எல்லாம். அந்த கடை இருக்கிறது ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷன் கட்டடத்துல. நெசமா ஒட்டுனது அதே வரிசைல வந்த இன்னொன்னு, உங்க தைரியம், உங்க உற்சாகம், உங்க உறுதி நமக்கு வெற்றி தரும்னு. கஷ்டம் எல்லாம் உங்களுது, வெற்றி மட்டும் நமக்கான்னு ஜனங்க கேட்டுட்டாங்க.

*

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): கேரட் சாப்பிட்டா இருட்டுல கண்ணு தெரியும்னு எங்கம்மா சொல்வாங்க. அதுவும் போஸ்டர்தானா?

பதில்: ஆமாங்க, பிரிட்டிஷ் உணவு அமைச்சகம் போட்ட போஸ்டர்தான் அத ஊரெல்லாம் பரப்புச்சு, கேரட் பிளாக்அவுட்ல பார்க்க உதவும்னு. வைட்டமின் ஏ குறைஞ்சா மாலைக்கண் வரும்ங்கறது உண்மை, ஆனா நல்லா சாப்பிடறவங்க கூட ஒரு கிலோ தின்னா பூனைக்கண் வந்துடாது. கேரட் வாங்கிக் கொடுங்க, டார்ச்சும் எடுத்துக்கிட்டு போகச் சொல்லுங்க.

*

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 74, கும்பகோணம்): தம்பி, அரசாங்கம் ஒட்டினதை எல்லாம் ஜனங்க அப்படியே கேட்டாங்களா? எனக்கு நம்பிக்கை இல்ல.

பதில்: கேக்கலைங்க ஐயா. கேக்காம இருந்ததால பொழைச்சவங்களும் உண்டு. 1940 செப்டம்பர் 7-ம் தேதி லண்டன் மேல பெரிய குண்டுவீச்சு ஆரம்பிச்சுது, தொடர்ந்து 57 ராத்திரி. ட்யூப் ஸ்டேஷன் பூமிக்கு அடியில இருக்கு, யாருக்கும் அங்க போகத்தான் தோணும். ஆனா அரசாங்கம் வேணாம்னுச்சு, ரயில் ஓடணும், ஜனங்க கீழ போய் உக்காந்தா மேல வரவே மாட்டாங்கன்னு பயம். ஸ்டேஷன்ல போஸ்டர் வெச்சாங்க, அந்த இடம் பொம்பளைங்க, குழந்தைங்க, முடியாதவங்களுக்கு தேவை, நீ ஆம்பளையா இருந்து அவங்களுக்கு விட்டுக்கொடுன்னு.

ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா ஐயா, ஒன்னரை பென்னிக்கு டிக்கெட் எடுத்தாங்க, பயணி மாதிரி உள்ள போனாங்க, போர்வைய விரிச்சு படுத்துட்டாங்க, வெளிய வரல. டிக்கெட் எடுத்தவன யாரு வெளிய தள்ள முடியும்? கொஞ்ச நாள்லயே அரசாங்கம் இறங்கி வந்துடுச்சு. செப்டம்பர் 27-ம் தேதி ராத்திரி எண்ணிப் பார்த்தப்போ சுமார் 1,77,000 பேர் அடியில படுத்திருந்தாங்க. அப்புறம் கட்டில் அடுக்கு வந்துச்சு, முதலுதவி வந்துச்சு, சாப்பாடு ஏத்திக்கிட்டு தனி ரயிலே வந்துச்சு.

பிளாட்ஃபாரத்துல ரெண்டு வெள்ளைக் கோடு போட்டாங்க. ஒன்னு ஓரத்துல இருந்து 8 அடி, இன்னொன்னு 4 அடி. சாயங்காலம் ஆஃபீஸ் விட்டு வர்ற கூட்டம் இருக்கிற வரைக்கும் படுக்க வந்தவங்க 8 அடி கோட்டத் தாண்டாம சுவர் பக்கமா இருக்கணும், ராத்திரி ஏழரைக்கு மேல 4 அடி வரைக்கும் வரலாம், கடைசி ரயில் போனதும் முழு பிளாட்ஃபாரமும் அவங்களுக்கு. குழந்தைய தூங்க வெச்சுக்கிட்டு இருக்கிற ஒருத்தி, அவ கால்மாட்டுல நாலடி தள்ளி ரயில் வந்து நிக்குது, ஆளுங்க இறங்கி தாண்டிப் போறாங்க. ரெண்டு பேருக்கும் இடம் இருந்துச்சு. எந்த எதுகை மோனையும் இல்லாத அந்த பெயிண்ட் கோட்டத்தான் நான் அந்த காலத்தோட நல்ல எச்சரிக்கைகள்ல ஒன்னுன்னு சொல்வேன்.

ஆனா அடியில போனா ஆபத்தே இல்லன்னும் சொல்ல முடியாது. அக்டோபர் 14-ம் தேதி பால்ஹாம் ஸ்டேஷனுக்கு மேல ரோட்டுல குண்டு விழுந்து, தண்ணிக் குழாயும் சாக்கடைக் குழாயும் உடைஞ்சு சுரங்கத்துக்குள்ள சேறா வந்துச்சு, 60 பேருக்கு மேல போயிட்டாங்க, மேல அந்தப் பள்ளத்துல இருட்டுல தெரியாம ஒரு பஸ் வேற போய் விழுந்துச்சு.

*

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): கோயில் கூட்டத்துல, ரயில்வே ஸ்டேஷன் படில நெரிசல்ல ஆள் சாகறத படிக்கும்போதெல்லாம், எச்சரிக்கை போர்டு வெச்சிருந்தோம்னு சொல்லிடறாங்க. போர்டு வெச்சா போதுமா? போர் நேரத்துல அவ்வளவு போஸ்டர் ஒட்டுன ஊர்ல இப்படி நடக்கவே இல்லையா?

பதில்: நடந்துச்சும்மா. கிழக்கு லண்டன்ல பெத்னல் கிரீன் ட்யூப் ஸ்டேஷன், 1943 மார்ச் 3. அது இன்னும் ரயில் ஓடாத, பாதி கட்டின ஸ்டேஷன், ஜனங்களுக்கு தங்குமிடமா மட்டும் இருந்துச்சு. உள்ள போக வாசல் ஒன்னுதான். வாசல்ல இருந்து 19 படி, மழையில நனைஞ்சு வழுக்கற படி, நடுவுல கைப்பிடி கிடையாது, பிளாக்அவுட்டுக்காக ஒரே ஒரு மங்கல் பல்பு, படி எங்க முடியுதுன்னு கூட தெரியாது.

ராத்திரி 8.17-க்கு சைரன். ரெண்டு நாள் முன்னாடிதான் பெர்லின் மேல பெரிய குண்டுவீச்சு நடந்திருந்துச்சு, பதிலடி வரும்னு எல்லார் மனசுலயும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பஸ்ல வந்தவங்களும் இறங்கி வாசலுக்கு வந்தாங்க. 8.27-க்கு பக்கத்துல விக்டோரியா பார்க்ல இருந்து அவங்க சொந்த ராணுவமே விமானத்துக்கு எதிரா புது ரக ராக்கெட்ட சுட்டுச்சு, அந்த சத்தத்த ஜனங்க அதுவரைக்கும் கேட்டதே இல்ல, குண்டுதான்னு நினைச்சு எல்லாரும் ஒரே நேரத்துல வாசலுக்குள்ள நெருங்கினாங்க. கீழ்ப்படிகிட்ட ஒரு அம்மா குழந்தையோட தடுக்கி விழுந்தாங்க, பின்னாடி வந்தவர் அவங்க மேல, அவர் மேல அடுத்தவர். மேல இருந்தவங்களுக்கு கீழ நடக்கறது தெரியல, தள்ளிக்கிட்டே இருந்தாங்க. சில நொடிக்குள்ள அந்த படிக்கட்டு ஆளால அடைஞ்சு போச்சு. 173 பேர். அதுல 62 பேர் குழந்தைங்க. அன்னைக்கு அந்த இடத்துல ஒரு குண்டு கூட விழல.

அந்த வாசல சரி பண்ணணும்னு உள்ளூர் கவுன்சில் 1941-லயே மேல எழுதிக் கேட்டிருந்துச்சு, செலவுக்கு அனுமதி கிடைக்கல. விபத்துக்கு அப்புறம் நடந்த விசாரணை அறிக்கைய போர் முடியப்போற நேரம் வரைக்கும், 1945 வரைக்கும், வெளிய விடல, அதனால ஊரே கவுன்சில திட்டிக்கிட்டு இருந்துச்சு, ஜனங்க பயந்து ஓடினதுதான் காரணம்னும் பேச்சு இருந்துச்சு. நீங்க கேட்ட போர்டு கேள்விக்கு என்னோட பதில் இதுலயே இருக்கு. நின்னு நடன்னு சொல்ற போஸ்டர நான் மனசார மதிக்கிறேன், ஆனா அந்த படில நின்னவங்களுக்கு படிக்க வெளிச்சமே இல்ல, பிடிக்க கம்பியும் இல்ல. அத பண்ணித்தர வேண்டியவங்க பண்ணாம, செத்தவங்க மேல பழிய போடறத கேக்கும்போது எனக்கு இன்னமும் கோவம் வருது.

இப்போ அந்த வாசலுக்கு பக்கத்துல ஒரு நினைவுச்சின்னம் இருக்கு, 2017-ல கட்டி முடிச்சது. அதே படிக்கட்ட தலைகீழா மரத்துல செஞ்சு உயரத்துல நிறுத்தியிருக்காங்க, அதோட கூரைல 173 சின்ன ஓட்டை, வெயில் வந்தா வெளிச்சம் அது வழியா கீழ விழும். ஸ்டேஷன் படிக்கு நடுவுல கைப்பிடி போட்டதும், படி ஓரத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சதும் விபத்து நடந்த கொஞ்ச நாளுக்குள்ளயே.